நோட்டில் இல்லாத ஏழாவது பெயர்

மலேசியாவின் கீழ்ப்பேராக்கில் ஒரு தோட்டத்துச் சிற்றூர். அங்குள்ள தமிழ்ச் சபை ஒன்றில் நடந்தது இது. சபையின் பெயர், ஊரின் பெயர், எந்தப் பிரிவு என்பதெல்லாம் இங்கே வராது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். காரியம் நடந்த வரிசையை மாற்றவில்லை. பாலியல் பரிசுத்தத்தைக் காப்பதற்கென்று ஒரு சபை ஏற்படுத்திய ஒழுங்கு, காக்க வேண்டியவர்களைக் கைவிட்டது எப்படி என்பதுதான் ஆய்வின் பொருள். விசாரிக்க வெளியூரிலிருந்து அழைக்கப்பட்ட மூவரில் நானும் ஒருவன்.

ஊரும் சபையும்

ஒரு காலத்தில் பால்மரம் என்ற ரப்பர், இப்போது சுற்றிலும் செம்பனை. லயங்களை, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, இடித்த பிறகு சனங்கள் கடைத்தெருவுக்குப் பின்னால் உள்ள மலிவு விலைத் தாமானுக்கு, அந்தக் குடியிருப்புப் பகுதிக்கு, வந்துவிட்டார்கள். மோட்டார் சைக்கிள் பட்டறைக்கு மேல்மாடியில் சபை. ஞாயிற்றுக்கிழமை எண்பது பேர் வந்தால் நல்ல கூட்டம். பாதிப் பேர் ஒருவருக்கொருவர் மாமன் மச்சான், மீதிப் பேர் ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள்.

பெரும்பாலோர் முதல் தலைமுறைக் கிறிஸ்தவர்கள். உடன்பிறந்தவர்கள் இன்னும் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிறவர்கள். சபையில் ஒரு தப்பு நடந்தால் அது மாடிப்படியோடு நிற்காது. "அதுக்குத்தான் அன்னிக்கே சொன்னேன்" என்று சொல்ல ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு பெரியப்பா காத்திருப்பார். "சபையின் பேர் கெட்டுடும்" என்ற வார்த்தைக்கு இந்த ஊர்களில் இவ்வளவு பலம் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழைய லயங்கள் பலவற்றில் இடைச்சுவர் கூரை வரை போகாது. பக்கத்து வீட்டில் யார் இருமுகிறார்கள், யார் குடித்துவிட்டு வந்தார்கள், எல்லாம் கேட்கும். அங்கே வளர்ந்த பெரியவர்கள் தனிமையை அறியாதவர்கள். தப்பு செய்தால் பொழுது சாய்வதற்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். அந்தப் பயம்தான் அவர்களைக் கட்டிவைத்தது. அவர்கள் பிள்ளைகளுக்கோ கைப்பேசிதான் வாழ்க்கையில் கிடைத்த முதல் தனியறை. அந்த அறைக்குள் நடப்பதை என்ன செய்வது என்று பெரியவர்களுக்குத் தெரியவில்லை. அவர்கள் அறிந்த வைத்தியம் நாலு பேருக்குத் தெரியவைப்பது. சபை ஏற்படுத்திய குழுவும் உள்ளுக்குள் அந்த வைத்தியத்தையே நம்பியது.

சனிக்கிழமைக் குழு

2020 மார்ச் 18-இல் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது எல்லாச் சபைகளையும் போல இவர்களும் வாட்சாப்புக்குப் போனார்கள். ஆராதனை, வேதபாடம், வாலிபர் கூட்டம், பாட்டுப் பயிற்சி எல்லாம் கைப்பேசியில். கட்டுப்பாடு தளர்ந்த பிறகும் தனித்தனியாகச் செய்தி அனுப்பும் பழக்கம் மட்டும் போகவில்லை.

வாலிபர்களுக்கு ஆபாசப் படப் பழக்கம் இருப்பது தெரியவந்தது. பாஸ்டர் அதைப் பிரசங்கத்தில் திட்டித் தீர்க்காமல், ஒரு குழு அமைக்கலாம் என்று முடிவெடுத்தார். நல்ல முடிவுதான். "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்" என்று யாக்கோபு 5:16 சொல்வதைச் செய்துபார்க்க முனையும் சபைகள் அதிகமில்லை.

பொறுப்பு ஆராதனைத் தலைவரிடம் போனது. நாற்பது வயதை நெருங்குபவர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், செம்பனை ஆலையில் ஷிப்ட் மேற்பார்வை. சபை வேனை ஓட்டித் தோட்டத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வருவதும் அவரே. கிட்டார் வாசிப்பார், ஜெபித்தால் கூட்டம் அழும். அவரைப் பற்றிக் கேட்டால் அந்த ஊரில் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்தக் குழுவின் நோட்டை நான் பார்த்தேன். பள்ளிப்பிள்ளைகள் எழுதும் சாதாரணப் பயிற்சி நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு ஆறு பத்திகள், மேலே ஆறு பெயர்கள். இடதுபக்கம் கேள்விகள்: கைப்பேசி, தனிமை, எண்ணம், ஜெபம், வேதவாசிப்பு. வாரம் ஜெயித்தால் சரி போட வேண்டும், விழுந்தால் வட்டம். முதல் சில வாரங்களில் வட்டங்கள் நிறைய. பையன்கள் உண்மை சொல்லியிருக்கிறார்கள். குழுவில் இருந்ததோ ஏழு பேர். கேள்வி கேட்டவருக்கு அதில் பத்தி இல்லை.

அதை யாரும் கவனிக்கவில்லை என்பது அல்ல. ஒரு பையன் எங்களிடம் சொன்னான்: "அண்ணன்கிட்ட எப்படி கேக்கிறது? அவருதானே லீடர்."

இது அந்த ஊருக்கு மட்டும் உரிய கோளாறு அல்ல. மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738 டிசம்பர் 25 அன்று சிறு குழுக்களுக்கென எழுதிய விதிகளில், தலைவர் எனப்படுகிறவர் முதலில் தன் நிலைமையைச் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகே மற்றவர்களைக் கேட்க வேண்டும் என்று இருக்கிறது. ஆண்களும் பெண்களும் தனி, மணமானவர்களும் ஆகாதவர்களும் தனி. சேருவதற்கு முன்பே, உன் குறைகளை மற்றவர்கள் உன்னிடம் சொல்வதை விரும்புகிறாயா என்று கேட்டார்கள். கேள்விகளின் கூர்மையை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த வரிசையை விட்டுவிட்டால் மிஞ்சுவது தோட்டத்து மண்டோர் (மேஸ்திரி) ஆள்கணக்கு எடுக்கும் சடங்குதான்.

ஜெபக் குறிப்பு

ஆறு பேரில் ஒருவருக்கு இருபத்து நான்கு வயது. பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் டெக்னிஷியன், வார இறுதியில் ஊருக்கு வருவார். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தங்கும் விடுதியில் இரவு ஷிப்ட் முடிந்து வந்தால் கைப்பேசியில் விழுந்துவிடுவதாகவும், கல்யாணத்துக்கு முன் இதை விட்டுவிட வேண்டும் என்றும் ஒரு சனிக்கிழமை அழுதுகொண்டே சொல்லியிருக்கிறார்.

தலைவர் அதைத் தன் மனைவியிடம் சொன்னார். வேறு எண்ணமில்லை, பாரமாய் இருந்ததாம். மனைவி அடுத்த வெள்ளி பெண்கள் உபவாச ஜெபத்தில் பெயர் சொல்லாமல் ஒரு ஜெபக் குறிப்பு கொடுத்தார்: "கல்யாணம் நிச்சயமான ஒரு வாலிபத் தம்பி, கைப்பேசி விஷயத்தில விடுதலை அடையணும்." எண்பது பேர் சபையில் கல்யாணம் நிச்சயமான வாலிபத் தம்பிகள் எத்தனை பேர் இருப்பார்கள்? ஒரே ஒருவர். பெண்ணின் சின்னம்மாவும் அந்த ஜெபத்தில் முழங்காலில் இருந்தார்.

கல்யாணம் தள்ளிப்போனது. அந்தத் தம்பி ஊருக்கு வருவதையே குறைத்துக்கொண்டார். அதன்பிறகு நோட்டைப் புரட்டினால் ஐந்து பத்திகளிலும் சரி, சரி, சரி. ஒரு வட்டம்கூட இல்லை. பெற்றோர்கள் சாட்சி சொன்னார்கள், பிள்ளைகள் ஜெயிக்கிறார்கள் என்று. பையன்களைக் கேட்டால், "எல்லாம் ஓகேலா அண்ணே"தான் பதில்.

நம் சபைகளில் ஜெபக் குறிப்பின் வேஷத்தில் உலவும் வம்பு, ஆபாசப் படத்தைவிடக் குறைந்த சேதமா செய்கிறது? எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனம்விட்டுச் சொன்ன ஒருவரைத்தான் அது முதலில் அடிக்கிறது. பேசாமல் இருந்தவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை மற்ற எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இடையில் பையன்களின் கைப்பேசியில் கண்காணிப்புச் செயலி போடும் யோசனையும் வந்தது. பார்த்த பக்கங்களின் அறிக்கை தலைவருக்குப் போகும். இவ்வகைச் செயலிகளில் பேர்போன ஒன்றை, ஊனமுற்றோருக்கான வசதியை எடுத்துத் திரை முழுவதையும் கண்காணித்தது என்பதற்காக 2022-இல் கூகுள் தன் கடையிலிருந்து நீக்கிய செய்தியெல்லாம் இவர்களுக்குத் தெரியாது. பையன்களுக்கு அது தேவையும் படவில்லை. ஒருவன் பழைய கைப்பேசியில் வேறொரு சிம் போட்டுக்கொண்டான், முடிந்தது கதை.

கதவைக் காத்த விதி

சபையில் இன்னொரு விதியும் இருந்தது. ஆண் ஊழியர் தன் மனைவியல்லாத பெண்ணோடு தனியாக இருக்கக் கூடாது, காரில் தனியாக ஏற்றக் கூடாது. அமெரிக்கச் சுவிசேஷகர் பில்லி கிரஹாமும் அவருடைய குழுவினரும் 1948-இல் கலிபோர்னியாவின் மோடெஸ்டோ நகரில் செய்துகொண்ட உடன்பாட்டிலிருந்து பரவி, உலகம் சுற்றி, இந்த மேல்மாடிக்கும் வந்த விதி அது. சபை அதைக் கறாராகக் கடைப்பிடித்தது. மழையில் நனைந்துகொண்டு நடந்த ஒரு கைம்பெண்ணைப் பாஸ்டர் காரில் ஏற்றாமல் போனதை அவரே எங்களிடம் வருத்தத்தோடு சொன்னார்.

ஆனால் விதி காத்தது கதவையும் காரையும்தான். இரவு பதினொன்றரை மணிக்கு வரும் வாட்சாப் செய்தியை அது பார்க்கவில்லை. ஆராதனைத் தலைவர் எந்தப் பெண்ணோடும் தனியாக நின்றதே இல்லை என்று எல்லாரும் சத்தியம் செய்தார்கள். உண்மையாகவும் இருக்கலாம்.

பாட்டுக் குழுவில் ஐந்தாம் படிவம் படிக்கும் பதினேழு வயதுப் பெண்பிள்ளை. அம்மா ஷிப்ட் வேலை, அப்பா இல்லை. செய்திகள் முதலில் பாட்டு, சுருதி, பயிற்சி நேரம் என்றுதான் இருந்தன. அப்புறம் "இன்னும் தூங்கலையா". அப்புறம் மனைவி தன்னைப் புரிந்துகொள்வதில்லை என்ற புலம்பல், உன்னிடம்தான் மனம்விட்டுப் பேச முடிகிறது என்ற பாராட்டு. ஒவ்வொன்றின் முடிவிலும் "படிச்சிட்டு அழிச்சிடு". கடைசி வாரங்களில் வந்தவை ஒரு பிள்ளையிடம் யாரும் பேசக் கூடாத பேச்சு. அவற்றை இங்கே எழுத வேண்டியதில்லை. அழிக்கச் சொன்ன எதையும் அவள் அழிக்கவில்லை. பயம்தான் காரணம் என்றாள்.

அந்தச் செய்திகளைப் பார்த்தது அவளுக்கு அக்கா முறையான பெரியம்மா மகள். நேரே பாஸ்டரம்மாவிடம் போய்க் கைப்பேசியை நீட்டினார். பாஸ்டர் தலைவரைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர் மறுக்கவில்லை, காலில் விழுந்து அழுதார். ஒரு மாதம் ஆராதனை நடத்த வேண்டாம் என்று முடிவானது. வெளியே சொன்ன காரணம் முதுகுவலி.

அடுத்து நடந்ததுதான் இந்த ஆய்வின் மையம். சகோதரன் குற்றஞ்செய்தால் தனித்திருக்கையில் அதை அவனுக்கு உணர்த்து என்ற மத்தேயு 18:15-ஐ எடுத்துக்கொண்டு, பிள்ளையும் அம்மாவும் தலைவரைத் தனியாகச் சந்தித்து மன்னிப்பதுதான் வேத முறை என்று ஒரு மூப்பர் சொன்னார். சகோதரனுக்கும் சகோதரனுக்கும் இடையில் சொல்லப்பட்ட வார்த்தையை, தன்னைவிட இருபது வயது மூத்த, அதிகாரத்தில் இருக்கிற ஒருவரின் முன்னால் ஒரு பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்தப் பயன்படுத்தினார்கள். அக்கா மறுத்துவிட்டார். "அவரு அழுதாரும்மா, உண்மையா மனந்திரும்பிட்டாரு" என்று பாஸ்டர் சொன்னதற்கு அவர் கொடுத்த பதில்: "அழுதது அவரு, பாஸ்டர். ராத்திரி போன் அடிச்சா பயப்படுறது எங்க வீட்டுப் புள்ள."

பெண்கள் பக்கமிருந்தும் ஆறுதல் வரவில்லை. அவள் ஏன் பதில் அனுப்பினாள், அந்த டீஷர்ட்டை ஏன் போட்டாள் என்று பேச்சு. அதே வருடம் பரிசுத்தம் பற்றி ஒரு கருத்தரங்கு நடந்திருந்தது. பெண்பிள்ளைகளுக்கு உடை பற்றி ஒரு பகல் முழுக்க வகுப்பு. பையன்களுக்கு அந்த நேரத்தில் பூப்பந்துப் போட்டி. "பாலிய ஸ்திரீகளை எல்லாக் கற்புடன் சகோதரிகளைப்போலவும் பாவித்து" என்று 1 தீமோத்தேயு 5:2 சொல்வது ஓர் ஆண் ஊழியனுக்கு. கற்பு அங்கே அவன் மேல் வைக்கப்பட்ட கடமை. இந்த வசனத்தை அன்று யாரும் பையன்களுக்கு எடுத்துக் காட்டவில்லை.

பாவமும் குற்றமும்

எங்கள் மூவரில் ஒருவர் வழக்கறிஞர். முதல் சந்திப்பிலேயே அவர் பேச்சை நிறுத்தி ஒன்றைச் சொன்னார். மலேசியாவில் சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம் 2017-இன்படி பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட யாரும் சிறார். உடலைத் தொட்டிருக்க வேண்டும் என்பதில்லை. சிறாரிடம் பாலியல் பேச்சு நடத்துவதே குற்றம். பாலியல் குற்றம் செய்யும் நோக்கில் சிறாரைத் தன்வசப்படுத்தத் தொடர்பு வைத்தால் ஐந்தாண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. 19-ஆம் பிரிவின்படி, இப்படிப்பட்ட குற்றத்தை அறிந்தும் போலீசுக்குத் தகவல் தராதவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம். போதகர், மூப்பர் என்று யாருக்கும் அதில் விலக்கு எழுதியிருக்கவில்லை.

பாஸ்டர் முகம் வெளுத்துவிட்டது. அவர் கெட்ட மனிதர் அல்ல. தலைவர் செய்ததை விபசாரத்தைப் போல ஒரு பாவமாக மட்டும் பார்த்தார். பாவம் என்றால் அறிக்கை, கண்ணீர், மன்னிப்பு, திரும்ப நிலைநிறுத்தல். இந்தப் பாதை அவருக்குத் தெரியும். இன்னொரு பாதையும் கூடவே ஓட வேண்டும் என்பதை அவருக்கு எந்த வேதாகமப் பள்ளியும் சொல்லித் தரவில்லை. விடுதியில் படம் பார்த்த தம்பியின் காரியம் முழுக்க முதல் வகை. அது குழுவைத் தாண்டி ஒரு அடிகூடப் போயிருக்கக் கூடாது. ஒரு பிள்ளையைக் குறிவைத்தது இரண்டாம் வகை. அது மறுநாளே வெளியே போயிருக்க வேண்டும். இந்தச் சபையில் அப்படியே தலைகீழாக நடந்தது. மறைக்க வேண்டியது ஊருக்குத் தெரிந்தது, சொல்ல வேண்டியது முதுகுவலியாகிப் போனது.

ஒரு மூப்பர் 1 தீமோத்தேயு 5:19-ஐ எடுத்தார், இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் மூப்பன் மேல் புகாரை ஏற்கக் கூடாது என்று. சரி, செய்திகளும் அவரே ஒப்புக்கொண்டதும் கையில் இருக்கும்போது வேறு என்ன சாட்சி வேண்டும்? அடுத்த வசனத்தையும் வாசிக்கச் சொன்னோம்: "மற்றவர்களுக்குப் பயமுண்டாகும்படி, பாவஞ்செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்."

"பெரிய ஊழியர்களுக்கே இப்படி வராது, நம்ம ஆளுக்கு எப்படி" என்று இன்னொருவர் கேட்டார். சென்னையில் பிறந்து உலகமெங்கும் பேசிய ரவி சக்கரியாஸ் 2020 மே மாதம் இறந்தார். அவர் பெண்களிடம் பாலியல் ரீதியாக முறைகேடாக நடந்துகொண்டதை, அவருடைய அமைப்பே நியமித்த விசாரணையின் அறிக்கை 2021 பிப்ரவரியில் உறுதிசெய்தது. அதற்குமுன் ஒரு பெண் புகார் சொன்னபோது அந்த அமைப்பு அவர் பக்கம்தான் நின்றது. அவரிடம் கேள்வி கேட்கும் நிலையில் அங்கேயும் யாரும் இல்லை.

அம்மா, அக்கா, பாஸ்டரம்மா மூவரும் போலீசில் புகார் கொடுத்தார்கள். அரசின் உதவித் தொலைபேசிச் சேவையான தாலியான் காசே 15999-க்கு அழைத்து அந்தப் பிள்ளைக்கு ஆலோசனை உதவியும் கேட்டார்கள். வழக்கு அதன் வழியில் போகிறது. அதைப் பற்றி இதற்குமேல் எழுதுவது சரியல்ல.

பிறகு

நோட்டை ஒழித்தார்கள். மீதியிருந்த பையன்கள் இரண்டு குழுக்களாகப் பிரிந்தார்கள், வேறு பொறுப்பாளர்களோடு. பேச்சைத் தொடங்குவது பொறுப்பாளர், அவருடைய வாரத்தைச் சொல்லி. கேட்டதை மனைவியிடமும் சொல்வதில்லை என்று முதலிலேயே ஒப்புக்கொள்கிறார்கள். கூடவே, சிறாருக்கோ வேறு யாருக்கோ கேடு வரும் காரியமென்றால் இரகசியம் காக்க முடியாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். படிக்கிற பிள்ளைகளுக்கு யாரும் தனிச்செய்தி அனுப்புவதில்லை. பெற்றோர் இருக்கும் குழுவில் மட்டும். வேனில் பெரியவர்கள் இருவர். பாஸ்டர் மாதம் ஒருமுறை வேறு ஊரிலுள்ள, சொந்தமோ நன்றிக்கடனோ இல்லாத ஒரு மூத்த போதகரிடம் போய்ப் பேசிவிட்டு வருகிறார். இது ரொம்ப முக்கியம். ஒரே தாமானில் மாமன் மச்சானாக வாழ்கிறவர்கள் ஒருவரையொருவர் கேள்வி கேட்டுக்கொள்வார்கள் என்று எதிர்பார்ப்பது வீண்.

ஜெபக் குறிப்பு விஷயம்தான் இன்னும் சரியாகவில்லை. பெயர் சொல்லாவிட்டால் போதும் என்ற நினைப்பு எளிதில் போவதாக இல்லை.

எதிர்பாராத ஒன்றும் நடந்தது. பெண்களும் ஒரு குழு தொடங்கினார்கள். முதல் கூட்டத்திலேயே ஒரு அம்மா, தோட்டத்தில் காலமெல்லாம் பால் வெட்டியவர், கைப்பேசியெல்லாம் எங்க பிரச்சினை இல்லை என்றார். சம்சு குடித்துவிட்டு வரும் புருஷன் இரவில் அடித்துப் பணியவைப்பதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று கேட்டார். மனைவியின் சரீரத்தின்மேல் புருஷனுக்கு அதிகாரம் என்று 1 கொரிந்தியர் 7:4-ஐ அதுவரை பாதியோடு நிறுத்தியே கேட்டிருக்கிறார்கள். புருஷனின் சரீரத்தின்மேல் மனைவிக்கும் அப்படியே என்று சொல்லும் மறுபாதியை அன்று பாஸ்டரம்மா வாசித்தார். அடித்தோ பயமுறுத்தியோ மனைவியோடு உறவு கொள்வது மலேசியத் தண்டனைச் சட்டம் 375ஏ பிரிவின் கீழ் குற்றம் என்பதும் அங்கே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. பரிசுத்தம் பற்றி அந்தச் சபையில் நடந்த பேச்சுகளிலேயே இதுதான் உருப்படியானது என்பேன்.

டெக்னிஷியன் தம்பியிடம் பாஸ்டர் பினாங்குக்கே போய் மன்னிப்புக் கேட்டார், பெண் வீட்டாரிடமும் பேசினார். கல்யாணம் இன்னும் முடிவாகவில்லை. அவர் அங்கேயே ஒரு சபைக்குப் போகிறார்.

ஆராதனைத் தலைவரும் அவர் மனைவியும் திரும்பி வர அனுமதி கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். "சாந்தமுள்ள ஆவியோடே அப்படிப்பட்டவனைச் சீர்பொருந்தப்பண்ணுங்கள்" என்ற கலாத்தியர் 6:1-ஐ அதில் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். ஆளைச் சீர்ப்படுத்துவது வேறு, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் திருப்பிக் கொடுப்பது வேறு என்று நாங்கள் எழுத்தில் கருத்துச் சொன்னோம். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சபை திறந்திருக்கிறது. அவருக்கு, அந்தப் பிள்ளை வராத வேறொரு சபையில், அங்குள்ள போதகருக்கு எல்லாம் தெரிந்த நிலையில், பின்வரிசையில் ஓர் இடம். மேடை, வேன், வாலிபர் பொறுப்பு எதுவும் இனி இல்லை. மூப்பர்களில் இருவர் இதற்கு இன்னும் கையெழுத்துப் போடவில்லை.